பதினோரு முறை புகையாகிப் போன பேய்

கேள்வி: பேய் வேட்டையை மையமாக வைத்து ஓர் இருண்ட மிகுபுனைவு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். 42 அத்தியாயங்கள். நாயகன் ஆதன், வேட்டையர் சங்கத்தில் வளர்ந்தவன். சிறு வயதில் குடும்பத்தைப் பேய்க்குப் பறிகொடுத்தவன். கருப்பு இரும்பு வாளோடு ஊர் ஊராகப் போய்ப் பேய்களைக் கொல்கிறான். படித்த ஐந்து நண்பர்களும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொல்கிறார்கள்: முதல் மூன்று நாலு அத்தியாயம் பயமாக இருக்கிறது, அப்புறம் பயம் போய்விடுகிறது, பாதியில் சலிக்கிறது. பேய்களை இன்னும் பெரிதாக, கொடூரமாக ஆக்கினால் சரியாகுமா? ரத்தத்தை எவ்வளவு காட்டலாம்? அசுரன், அரக்கன், பேய், பிசாசு, டீமன் என்று பல சொற்கள் இருக்கின்றனவே, எதை வைத்துக்கொள்வது? கைப்பிரதியை இணைத்திருக்கிறேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் அனுப்பியதை முழுசாக அச்செடுத்து, பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். நாவல்களைச் செப்பனிடுவதே என் பிழைப்பு என்பதால் கை தானாகவே கோடு போடும். உங்கள் பிரதியில் நான் அதிகம் வட்டமிட்டது ஒரே தொடரைத்தான்: “கரும்புகையாகிக் காற்றில் கரைந்தது.” மொத்தம் 11 பேய்கள் சாகின்றன. 11 முறையும் அதே புகை. நான்காவது புகையிலேயே உங்கள் நண்பர்களுக்கு வந்த கொட்டாவி எனக்கும் வந்துவிட்டது.

பேய் சின்னதாக இருப்பதால் வந்த சலிப்பு இல்லை இது. ஏழாம் அத்தியாயத்துப் பேய் பத்தடி. பதினெட்டில் வருவது பனைமர உயரம். முப்பத்தொன்றில் வருவது மலையளவு. அளவு ஏற ஏறப் பயம் இறங்கிக்கொண்டே வருகிறது. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. நாவலின் தலைப்பில் வேட்டை என்று போட்டிருக்கிறீர்கள், உள்ளே வேட்டையையே காணோம். ஆதன் ஊருக்குள் நுழைகிறான். ஊர்த்தலைவர் “அதோ அந்தக் குகையில் இருக்கிறது” என்று கைகாட்டுகிறார். அவன் நேரே போய் வெட்டுகிறான். முகவரி கையில் இருந்தால் வேட்டைக்காரன் எதற்கு? தபால்காரன் போதும்.

நிஜமாகவே காட்டில் வேட்டையாடியவர்களின் நாளில் கொல்வதற்கு ஆகும் நேரம் சில வினாடிதான். மிச்ச நேரமெல்லாம் தேடுவதும் காத்திருப்பதும். அம்பு தைத்த மான் உடனே விழுந்துவிடாது, ஓடும். அனுபவமில்லாதவன் பின்னாலேயே ஓடுவான். துரத்துகிறார்கள் என்று தெரிந்தால் அது உயிரைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போய்விடும். தொழில் தெரிந்தவன் அரை மணி நேரமாவது இருந்த இடத்தைவிட்டு அசைய மாட்டான். அப்புறம் எழுந்துபோய், அம்பு பட்ட இடத்தில் சிந்திய ரத்தத்தைப் பார்ப்பான். நுரைத்த இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரல், மான் பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல், இன்னும் பொறுக்க வேண்டும். பச்சை கலந்து நாற்றமடித்தால் குடல், பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரு இலையின் மேல் இருக்கும் ஒரு சொட்டைப் பார்த்து இவ்வளவையும் படிக்கிறான். பேய் வேட்டை நாவலில் நான் எதிர்பார்ப்பது இந்த ஆளைத்தான். உங்கள் ஆதன் 42 அத்தியாயத்தில் ஒரு தடவைகூடக் குனிந்து தரையைப் பார்க்கவில்லை.

ஏழாம் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் எழுதியிருப்பது:

“இருட்டிலிருந்து பத்தடி உயரத்தில் ஒரு கரிய உருவம் எழுந்தது. அதன் கண்கள் நெருப்புத் துண்டங்களாக எரிந்தன. கோரைப் பற்களில் ரத்தம் சொட்டியது. ‘வா, மானிடனே!’ என்று உறுமியது. ஆதன் வாளை உருவினான்.”

இதற்கு ஒரு பக்கம் முன்னால் ஊர்த்தலைவர் போகிற போக்கில் ஒன்று சொல்கிறார்: “இந்தப் பேய் மனிதர்களின் குரலைத் திருடிக்கொள்ளும்.” அடடா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பொருளை நீங்கள் அப்படியே கீழே போட்டுவிட்டு நாலு பக்கத்துக்கு வாள் சுழற்றப் போய்விட்டீர்கள். குரல் திருடத் தெரிந்த பேய், சொந்தக் குரலில் எதற்கு நாடக வசனம் பேச வேண்டும்?

அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு நான் எழுதிப் பார்த்தேன். உங்கள் நடைக்கு இது ஒத்துவராமல் போகலாம், கருத்துக்காகப் பாருங்கள்:

“அந்த ஊரில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. குழந்தைகளின் காலில் ஆளுக்கொரு மணி. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் ஓசை. பிள்ளையைக் காணவில்லையென்றால் தாய் வாசலில் நின்று காதைக் கொடுப்பாள், வாயைத் திறக்க மாட்டாள். கிணற்றடியில் இரண்டு பெண்கள் கைச்சாடையிலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். விவரம் தெரியாத ஆதன் தெருமுனையில் நின்று, ‘இங்கே யாராவது இருக்கிறீர்களா?’ என்று கத்தினான். தெரு முழுக்கக் கதவுகள் சாத்தப்பட்டன. அன்று இரவு அவன் படுத்திருந்த திண்ணைக்கு எதிரே, இருட்டுக்குள்ளிருந்து அவனுடைய குரல் கேட்டது: ‘இங்கே யாராவது இருக்கிறீர்களா?’”

இதில் பேய் இன்னும் வரவே இல்லை. கண்ணுமில்லை, பல்லுமில்லை. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது, எத்தனை காலமாக இங்கே இருக்கிறது, ஊர்க்காரர்கள் எப்படிப் பழகிப்போனார்கள் என்பதெல்லாம் அந்தக் குழந்தைகளின் கால்மணியில் இருக்கிறது. காட்டில் குளம்படி என்றால், ஊரில் ஜனங்களின் பழக்கவழக்கம்தான் தடயம். பேய் நடமாடும் இடத்தில் மனிதர்கள் எதைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எந்த வழியில் நடப்பதில்லை, எந்தப் பாட்டைப் பாடுவதில்லை, எந்த வேளையில் விளக்கேற்றுவதில்லை. ஆதன் அதைக் கவனிக்கட்டும். அவன் கண்டுபிடிக்கும்போது வாசகரும் கூடவே கண்டுபிடிப்பார், பயமும் கூடவே வரும்.

அடுத்தது, காரணம். உங்கள் 11 பேய்களும் ஏன் கொல்கின்றன என்று கேட்டால் நாவலில் இருக்கும் ஒரே பதில், “தீமையே அவற்றின் இயல்பு.” இந்த வரி உங்களுக்கு வேலையை மிச்சப்படுத்துகிறது. வாசகருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. 1907இல் குமாவுன் மலைப்பகுதியில் ஜிம் கார்பெட் சுட்டுக்கொன்ற சம்பாவத் பெண்புலியை நினைத்துக்கொள்ளுங்கள். நேபாளத்திலும் குமாவுனிலுமாக அது கொன்றதாகக் கணக்கு, 436 பேர். சுட்டு வீழ்த்தியபிறகு கார்பெட் அதன் வாயைத் திறந்து பார்த்தார். வலப்பக்கத்து மேல் கோரைப்பல் பாதியாகவும், கீழ்ப்பல் எலும்பு வரைக்கும் உடைந்திருந்தது. எப்போதோ யாரோ சுட்ட குண்டு. வழக்கமான இரையைப் பிடித்துத் தின்ன முடியாமல்தான் அது மனிதர் பக்கம் திரும்பியது என்பது அவருடைய முடிவு. 436 சாவுக்குப் பின்னால், குறி தவறிய ஒரு வேட்டைக்காரன். இந்தச் செய்தியைப் படித்ததும் எனக்குப் புலிமேல் இருந்த பயம் குறையவில்லை. அந்த முதல் குண்டைச் சுட்டவன் யாராயிருக்கும் என்ற எண்ணம் கூடவே ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

உங்கள் குரல்திருடிக்கும் இப்படி ஓர் உடைந்த பல் வேண்டும். அதன் குரலை முதலில் யார் பறித்தார்கள்? இதைக் கடைசிவரை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. எழுதுகிற உங்களுக்குத் தெரிந்திருந்தால் அதன் நடமாட்டத்தில் ஓர் ஒழுங்கு வந்துவிடும். எந்த வீட்டை விட்டுவைக்கிறது, யாருடைய குரலைத் திரும்பத் திரும்பப் பேசுகிறது என்பதெல்லாம் தன்னால் அமையும்.

பேய்க்கு ஓர் ஆசை இருந்தால் அது எப்படி மாறிவிடுகிறது என்று பார்க்க நம் மொழியிலேயே நல்ல இடம் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப் பரணியில் பேய்களுக்கு ஒரே ஒரு பிரச்சினைதான்: பசி. கையும் காலும் முளைத்த பனங்காடு போல் இருக்கும் அந்தப் பேய்கள், பசியை ஊற்றிவைத்த பாத்திரங்களாக, நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போகின்றன. காளியிடம் போய் முறையிடுகின்றன. இமயத்திலிருந்து வந்த ஒரு முதுபேய் மாயவித்தை காட்டி, பிணமும் ரத்தமும் நிறைந்த போர்க்களத்தைக் கண்முன் வரவழைக்கிறது. பாவம், பசித்த பேய்கள் ஓடிவந்து விழுந்து அள்ளுகின்றன. வாயில் ஒன்றுமே விழவில்லை. அந்த இடத்தில் சிரிப்பு வருகிறது, பரிதாபம் வருகிறது, கொஞ்சம் குமட்டவும் செய்கிறது. ‘கொடூரமான’ என்ற அடைமொழி ஒன்றை வைத்துக்கொண்டு இதைச் செய்துவிட முடியாது. நீங்கள் அந்தச் சொல்லை 63 இடத்தில் போட்டிருக்கிறீர்கள், எண்ணிவிட்டேன்.

அந்தக் கருப்பு இரும்பு வாள். எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி வைத்திருக்கிறவனைத் திறமைசாலி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரணியன் கதை நமக்குச் சின்ன வயதிலிருந்தே பாடம். மனிதனாலும் மிருகத்தாலும் சாகக்கூடாது, பகலிலும் இரவிலும் சாகக்கூடாது, உள்ளேயும் வெளியேயும் சாகக்கூடாது என்று அவன் அடுக்கிக்கொண்டே போகும்போதே, இதில் எங்கோ ஒரு சந்து இருக்கும் என்று கேட்கிற குழந்தைக்குத் தோன்றிவிடும். அந்தியில், வாசற்படியில், மடியில் வைத்து நரசிம்மம் கிழிக்கும்போது அதற்கு ஒரு திருப்தி. விதியை முதலிலேயே சொல்லிவிட்டார்கள், யாரையும் ஏமாற்றவில்லை. உங்கள் நாவலிலும் பேயைப் பற்றிய விதி முன்கூட்டியே வாசகர் கையில் இருக்க வேண்டும். முப்பத்தொன்றாம் அத்தியாயத்தில் ஆதனுக்கு “திடீரென்று நினைவுக்கு வந்த” குருவின் மந்திரம் இருக்கிறதே, அதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

ஆயுதம் என்றால் இரும்பாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. பழைய மெசபடோமியாவில் (இன்றைய ஈராக் பகுதி), ஏறக்குறைய கி.பி. 5 முதல் 8ஆம் நூற்றாண்டு வரை, வீட்டுத் தரைக்குக் கீழே, வாசற்படிக்கு அடியில் மண்கிண்ணங்களைக் கவிழ்த்துப் புதைத்திருக்கிறார்கள். நிப்பூர் அகழாய்வில் இப்படிப்பட்டவை நிறையக் கிடைத்தன. கிண்ணத்தின் உட்புறம் சுருள் சுருளாக அரமேய மொழியில் எழுத்து. வீட்டுக்குள் வரும் பேயைக் கட்டிப்போட. அவற்றில் சில கிண்ணங்களில் இருக்கும் வாசகம் என்ன தெரியுமா? விவாகரத்துப் பத்திரம். கணவன் மனைவியை விலக்கும்போது எழுதும் அதே சட்ட வாசகத்தை வைத்து, இந்த வீட்டை விட்டுப் போ, உனக்கும் எங்களுக்கும் இனிப் பந்தமில்லை என்று பெண்பேய்க்கு எழுதிக் கொடுக்கிறார்கள். விவாகரத்து என்றால், அதுவரைக்கும் அந்த வீட்டில் இருந்த யாரோ ஒருவருக்கு அந்தப் பேய் மனைவியாக இருந்திருக்கிறது என்றல்லவா ஆகிறது? இந்த ஒரு கிண்ணத்திலிருந்து தனி நாவலே எழுதலாம். நீங்கள் எழுதாவிட்டால் யாராவது எழுதிவிடப் போகிறார்கள்.

சரி, பாதியில் வரும் சலிப்புக்கு வருகிறேன். புகைதான் காரணம் என்றேன். ஆதன் கொன்றதும் பேய் துடைத்துவிட்டாற்போல் காணாமல் போகிறது. சந்தேகத்துக்கே இடமில்லை. ஊர் மகிழ்கிறது. அடுத்த அத்தியாயம், அடுத்த ஊர். எந்தக் கொலையும் அடுத்த பக்கத்துக்குக் கடன் வைத்துவிட்டுப் போவதில்லை.

பிரான்சில் ஜெவோதான் என்ற மலைப்பகுதியில் 1764இல் ஒரு விலங்கு மனிதர்களைக் கொல்ல ஆரம்பித்தது. பெரும்பாலும் ஆடுமாடு மேய்க்கும் பெண்களும் பிள்ளைகளும். ஓநாயா, வேறு ஏதாவதா என்ற வாக்குவாதம் இன்றுவரை ஓயவில்லை. மன்னர் 15ஆம் லூயி தம் வேட்டை அதிகாரி பிரான்சுவா அந்துவானை அனுப்பினார். அவர் 1765 செப்டம்பரில் ஒரு பெரிய ஓநாயைச் சுட்டார். அதைப் பாடம்பண்ணி வெர்சாய் அரண்மனைக்குக் கொண்டுபோனார்கள். அந்துவானுக்குப் பரிசும் புகழும். விவகாரம் முடிந்தது என்று அறிவித்தாயிற்று. அந்த டிசம்பரிலேயே மறுபடி தாக்குதல் தொடங்கியது. இந்தமுறை அரண்மனைக்கு அக்கறை இல்லை, விலங்கு செத்துவிட்டதாக ஏற்கெனவே சொல்லிவிட்டார்களே! இன்னும் ஒன்றரை வருஷம் ஜனங்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். 1767 ஜூனில் ழான் சாஸ்தெல் என்ற உள்ளூர்க்காரர் இன்னொரு விலங்கைச் சுட்டபிறகுதான் அது நின்றது.

என்னைப் பிடித்து உலுக்குவது அந்த டிசம்பர்தான். அரண்மனையில் ஓர் ஓநாய் பஞ்சடைத்து நிற்கிறது, மலையில் ஒரு பிள்ளை இறந்து கிடக்கிறது. செய்தி மேலே போனால், அப்படி எதுவும் நடக்கவில்லை என்று பதில் வருகிறது. உங்கள் பன்னிரண்டாம் அத்தியாயத்தில், கதை தொய்ய ஆரம்பிக்கும் சரியான இடத்தில், இப்படி ஒரு டிசம்பர் வரட்டும். ஆதன் ஏழாம் அத்தியாயத்தில் கொன்றானே, அந்த ஊரிலிருந்து ஒரு குழந்தை கால்மணியோடு நடந்தே வந்து சங்கத்து வாசலில் நிற்கட்டும். “செத்த பேய் எப்படிக் கூப்பிடும்?” என்று சங்கத்தார் சிரிக்கட்டும். இது நடக்க வேண்டுமானால் முதலில் புகையை ஒழித்தாக வேண்டும். உடல் கிடக்க வேண்டும். அடையாளம் காட்ட, தோலுரிக்க, எடைபோட, தப்பாகச் சான்றிதழ் கொடுக்க ஏதாவது மிஞ்ச வேண்டும்.

இங்கேதான் ‘இருண்ட’ என்ற சொல்லுக்கும் வருகிறோம். உங்கள் நாவலில் இரவு நிறைய இருக்கிறது, இருட்டு குறைவு. காரணம், ஆதன் ஒரு தடவைகூடத் தப்புப் பண்ணுவதில்லை. அவன் பேய் என்று சொன்னதெல்லாம் பேயாகவே இருக்கிறது. பேய் வேட்டைக்கு உலகத்தில் ஒரு நிஜ வரலாறு உண்டு, அதில் வேட்டையாடப்பட்டவர்கள் மனிதர்கள். ஹைன்ரிஷ் கிராமர் என்ற பாதிரியார் 1485இல் இன்ஸ்புரூக் நகரத்தில் சூனியக்காரிகளைப் பிடிக்கப் போய், விசாரணையில் அவர் நடந்துகொண்ட விதம் அந்த வட்டாரப் பிஷப்புக்கே பொறுக்காமல், ஊரைவிட்டு விரட்டப்பட்டார். தோற்றுப்போனவர் சும்மா இருக்கவில்லை. சூனியக்காரிகளை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி விசாரிப்பது, எப்படித் தண்டிப்பது என்று ஓரிரு ஆண்டுக்குள் ஒரு கையேடு எழுதி அச்சிட்டார். அது பல பதிப்புக் கண்டது. ஐரோப்பாவில் அடுத்த மூன்று நூற்றாண்டுகளில் சூனியக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் சுமார் 40,000 முதல் 60,000 பேர் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. இதெல்லாம் ஒரு கையேட்டால் மட்டும் நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அவமானப்பட்டுத் திரும்பிய ஒரு வேட்டைக்காரன் எழுதிய விதிகளை வைத்து அடுத்த தலைமுறை வேட்டையாடியது என்பதை எண்ணிப்பாருங்கள். உங்கள் சங்கத்தில் ஒரு புனிதச் சுவடி இருக்கிறதே, எல்லாரும் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்களே, அதை எழுதியவன் யார்?

எதிர்ப்பக்கத்திலும் ஆட்கள் இருந்தார்கள். யோஹான் வயர் என்ற மருத்துவர் 1563இல், பிடிபடும் பெண்களில் பலர் மனநோயாளிகள், அவர்களுக்கு வேண்டியது வைத்தியம் என்று வாதாடி எழுதினார். அதே மனிதர்தான் 1577இல் 69 பேய்களின் பட்டியலையும் வெளியிட்டார், ஒவ்வொன்றின் பதவி, கீழே இருக்கும் படை எல்லாம் சேர்த்து. பேய் உண்டு என்று நம்பியவர், ஆனால் ‘இவள் பேய்’ என்று கைகாட்டுவதை நம்பாதவர். இப்படி ஒருவரை உங்கள் சங்கத்தில் சேர்த்தால் ஆதனுக்குப் பேச ஒரு ஆள் கிடைக்கும். இப்போது அவன் வாளோடு மட்டும்தான் பேசிக்கொண்டிருக்கிறான். 1614இல் கத்தோலிக்கத் திருச்சபை பேயோட்டுவதற்கு வகுத்த முறையிலும், பாதிரியாருக்குச் சொல்லும் முதல் அறிவுரையே, ஒருவருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று எளிதில் நம்பிவிடாதே என்பதுதான். பேயை நம்புகிறவர்களே அப்படிச் சொல்கிறார்கள்.

ஆதன் கொன்ற 11 பேரில் ஒருவர் பேயில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எது என்று நீங்களே முடிவு பண்ணுங்கள். வாசகருக்கு அது இருபதாம் அத்தியாயத்துக்கு மேல் தெரிந்தால் போதும். அவர் முன்னால் புரட்டிப் பார்ப்பார், அந்தப் பழைய அத்தியாயம் வேறு மாதிரி இருக்கும்.

ரத்தத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எவ்வளவு வேண்டுமானாலும் காட்டுங்கள், அது பயத்தைத் தரும் என்று மட்டும் நம்பாதீர்கள். தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்லும்போது, அச்சத்தையும் இளிவரல் என்கிற அருவருப்பையும் தனித்தனியாகத்தான் வைக்கிறது. அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. வியப்பான வரிசை இது. தெய்வமோ பேயோ என்று சொல்ல முடியாத அணங்கில் தொடங்கி, மிருகம், திருட்டு மனிதர் என்று வந்து, நமக்கு மேலே இருக்கும் அதிகாரத்தில் முடிகிறது. உங்கள் பேய்கள் எல்லாமே ‘விலங்கு’ என்ற ஒரே கட்டத்தில் நிற்கின்றன: பல், நகம், உறுமல். குரல்திருடி அணங்காகலாம். வேட்டையர் வேஷத்தில் ஊரைச் சுரண்டும் கூட்டம் ஒன்று கள்வராகலாம். சங்கத்தின் தலைவர் இருக்கிறாரே, வெள்ளைத் தாடியோடு நல்லவராக வந்து போகிறாரே, அவர்தான் இறை. அவரைப் பார்த்து ஒருவரும் பயப்படவில்லை என்பது எனக்கு நெருடலாகவே இருந்தது.

சொல் விஷயம். ‘டீமன்’ வேண்டாம். அந்தச் சொல்லுக்குத் தமிழில் நினைவே கிடையாது. மிச்ச சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. அசுரன் என்றால் குலம், வரம், தேவர்களோடு பகை என்று பின்னால் ஓர் அரசியலே வரும். அரக்கன் என்றதும் உடலும் பசியும் வரும். பேய் என்றால் ஒருகாலத்தில் மனிதராக இருந்திருக்கலாம் என்ற சந்தேகம் கூடவே வரும், அதனாலேயே உங்கள் கதைக்கு அது பொருந்துகிறது. சூர், அணங்கு, கூளி என்று பழைய சொற்களும் இருக்கின்றன, சங்கத்துச் சுவடியில் மட்டும் அவை வரட்டும். பேயோடு தினமும் வாழ்கிற ஊர்க்காரர்களோ அதன் பெயரைச் சொல்லவே மாட்டார்கள். ரஷ்ய மொழியில் கரடிக்கு இன்றும் வழங்கும் பெயருக்கு மூலப்பொருள் ‘தேன் தின்பவன்’. கரடியின் நிஜப் பெயரைச் சொன்னால் வந்து நிற்கும் என்ற பயத்தில் அந்தப் பெயரே வழக்கொழிந்து போனதாக மொழியறிஞர்கள் சொல்கிறார்கள். உங்கள் ஊர்க்காரர்கள் குரல்திருடியை என்னவென்று குறிப்பிடுவார்கள்? ‘அடுத்த வீட்டுக்காரர்’ என்றா, ‘கேட்கிறவர்’ என்றா? அவர்கள் மரியாதை விகுதி போட்டுப் பேசினால் எனக்கு இன்னும் பயமாக இருக்கும்.

எங்கிருந்து திருத்த ஆரம்பிப்பது என்று திகைக்க வேண்டாம். 42 அத்தியாயத்தையும் தொடாதீர்கள். 11 பேயில் நாலை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தனிக் கோப்பில் போட்டுவிடுங்கள், வீணாகாது. ஏழாம் அத்தியாயத்தை மூன்றாக விரியுங்கள். வாள் இரண்டாம் பாகத்துக்குக் காத்திருக்கட்டும்.

இன்னொன்று. ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு கிழவி வருகிறாள். இரண்டே வரி. நடுராத்திரியில், பத்து வருஷத்துக்கு முன் செத்த மகனின் குரல் வெளியிலிருந்து “அம்மா, கதவைத் திற” என்கிறது. அவள் எழுந்துபோய்த் திறக்கிறாள். அடுத்த வரியில் செத்துக்கிடக்கிறாள், ஆதன் பல்லைக் கடிக்கிறான், கதை ஓடிவிடுகிறது. நாவல் முழுவதிலும் நான் பென்சிலைக் கீழே வைத்த இடம் அது ஒன்றுதான். அவள் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வெளியே நிற்பது யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் திறந்திருக்கிறாள். திறப்பதற்கு முன் அவள் கதவுக்கு இந்தப் பக்கம் எவ்வளவு நேரம் நின்றாள், பதில் குரல் ஏதாவது கொடுத்தாளா, அதை மட்டும் முதலில் எழுதி அனுப்புங்கள். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்வோம்.